பிடி

தடைக்காலம் தொடங்கி இருபத்து மூன்று நாள்.
பாம்பன் ஜெட்டியில் படகுகள்
ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன,
வேலை இல்லாத அண்ணன் தம்பிகள் மாதிரி.
நான் வீட்டில்.

நண்டுக் கம்பெனி வேன்
விடியுமுன்னே ஹாரன் அடித்தது.
செருப்பை மாட்டிக்கொண்டே சலேத்து சொன்னாள்:
"நாலு மணிக்குப் புள்ளைகளுக்கு ஏதாச்சும் செஞ்சு குடு.
பாக்கெட் வாங்கிக் குடுத்து ஏமாத்தாத."

ஏதாச்சும்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஆடுகிற அடுப்பில் ஐந்து பேருக்கு
நடுக்கடலில் வைக்கிற மீன்குழம்பு.
நாலு மணிக்கு அதை யார் தின்பார்கள்?

"கொழுக்கட்டை," என்றாள் டெல்பினா.
மூன்றாம் வகுப்பு.
"பிடி கொழுக்கட்டை. பூரணம் வச்சது வேண்டாம்,
அது ஒங்களுக்கு வராதுப்பா."

அரிசி மாவை வாணலியில் கொட்டினேன்.
வாசம் வரும்வரை வறுக்கணுமாம்.
எந்த வாசம்?
"கருகுறதுக்கு முந்துன வாசம்."
அடுப்படி ஜன்னலைச் சாத்தினோம்.
கச்சான் காற்று நெருப்பை அணைக்கும்,
கேட்காமலே மணலும் சேர்க்கும்.

சாயல்குடிக் கருப்பட்டி
கல்லாய்க் கிடந்தது.
இன்பன்ட் என் டூல்ஸ் பெட்டியைத் திறந்து
ஸ்பேனரோடு வந்தான்.
சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவியும்
டீசல் போகவில்லை.
பேப்பரில் பொதிந்து அடித்தோம்.
சில்லுகளில் பாதி சட்டிக்குப் போனது.
மீதிப் பாதி எங்கே போனதென்று
மூவரில் யாரும் கேட்கவில்லை.

பாகைக் காய்ச்சி டீ வடிகட்டியில் ஊற்றினேன்.
தூசி, துரும்பு, ஓர் எறும்பு.
சின்னக் கண் வலை கூடாதென்று
எங்களுக்குச் சொல்லும் அதிகாரி
இந்த வலையைப் பார்த்ததில்லை போலும்.

தேங்காயைப் பல்லுப் பல்லாக நறுக்கச் சொன்னாள் டெல்பினா.
முன்பல் இரண்டும் விழுந்த இன்பன்ட்
சிரிக்காமல் அவளைப் பார்த்தான்.

பிறகு தண்ணீர்.
கடல்காரன் கை, அளவு தெரியாத கை.
மாவு சேறானது.
கட்டுமரம் தள்ளுகிற இடத்துச் சேறு,
கால் வைத்தால் செருப்பு திரும்பாது.
தலையில் கை வைத்து நின்றேன்.
அவளோ டப்பாவிலிருந்து அவலை எடுத்து
மிக்சியில் ஒரு சுற்று விட்டு
மேலே தூவினாள். பத்து நிமிஷம்.
சேறு இறுகி மாவாயிற்று.
யாரிடம் கற்றாள் என்று கேட்டால்
"அம்மாவும் தண்ணி கூட ஊத்துவாங்க,
ஒங்ககிட்ட சொல்ல மாட்டாங்க."

கடலில்தான் பிடிக்கத் தடை.
அடுப்படியில் மூன்று பேரும் பிடித்தோம்.
டெல்பினா பிடித்தது ஒரே அச்சு, ஒரே நீளம்.
இன்பன்ட் பிடித்தது
சுறா, ஒரு லாரி, பெயர் வைக்காத ஒன்று.
நான் பிடித்ததில் மூன்று பள்ளம்.

வின்ச் கயிறு மோதிர விரலைக் கொண்டுபோய்
மூன்று வருஷம் ஆகிறது.
எண்ணிப் பார்க்கிற வழக்கமில்லை.
இன்பன்ட் எண்ணினான்.
"இதுல ஒண்ணு கொறயுதே."
சொல்லிவிட்டு, ஏதோ பாக்கி வேலை போல,
என் கொழுக்கட்டை ஒவ்வொன்றிலும்
இடைவெளி பார்த்துத்
தன் விரலை வைத்து அமுக்கினான்.
நான் இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கிறதா என்று
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு வேன் வந்தது.
ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள்,
நண்டு ஓடு கீறிய கோடுகள்,
சோப்புக்கு மசியாத நாற்றம்.
"தட்ட நீட்டாதீங்க, கை வீசுது.
வாயில வைங்க."
ஊட்டப் போன கொழுக்கட்டையை
வெளிச்சத்தில் திருப்பிக் காட்டச் சொன்னாள்.
பெரிய பள்ளம் மூன்று,
நடுவே ஒரு சுண்டைக்காய்ப் பள்ளம்.

"இது யாரு பிடிச்சது?"
"அப்பா," என்றாள் டெல்பினா.
"நானு," என்றான் இன்பன்ட்.
சண்டை முடியுமுன்
சலேத்து வாயைத் திறந்தாள்.
மென்றாள்.
"அவலு போட்டிருக்கு," என்றாள்,
என்னைப் பார்க்காமல்.